பக்கத்து சீட்காரருக்கு எவ்வளவு? சம்பள நியாயத்தைக் கேட்டு வாங்கவும், அந்த எண்ணில் சிக்காமல் இருக்கவும் ஒரு முழு வழிகாட்டி

கூட வேலை பார்ப்பவருக்குத் தன்னைவிட அதிகச் சம்பளம் என்று தெரியவரும் நாளில் ஒருவருக்குள் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "எனக்குக் கொடுப்பது நியாயமா?" என்பது ஒன்று. "அப்படியென்றால் நான் அவ்வளவுதானா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை உண்டு. பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், சந்தை நிலவரம், சட்டம் என்று தேடினால் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு எந்தப் பே ஸ்லிப்பிலும் விடை இல்லை. ஆனால் பெரும்பாலானோர் இரண்டையும் ஒன்றாக்கி மாதக்கணக்கில் மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் வீடுகளில் இதற்குக் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றுதான்: "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து." அந்தப் பழமொழி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உழைப்புக்குக் குறைவாகக் கூலி வாங்கும் ஒருவரிடம் போய் அதைச் சொல்வது அநியாயத்துக்குத் துணைபோவது. அவருக்கு முதலில் தேவை கணக்கு. மனதைத் தேற்றுவது அப்புறம். அதே சமயம், கணக்கெல்லாம் சரியாக வந்த பிறகும் தூக்கம் வராமல் கிடப்பவருக்கு இன்னொரு ஹைக் (சம்பள உயர்வு) எதையும் தீர்க்காது. அதனால் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கப்போகிறோம். சென்னை, கோவை, பெங்களூரு போன்ற ஊர்களில் ஐ.டி.யிலும் மற்ற தனியார் அலுவலகங்களிலும் மாதச் சம்பளம் வாங்குபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: கேள்விப்பட்ட அன்று எதுவும் செய்யாதீர்கள்

மேனேஜருக்கு மெயில் வேண்டாம், ராஜினாமா வேண்டாம், அந்த நண்பரிடம் முகம் திருப்புவதும் வேண்டாம். காதில் விழுந்த எண் என்ன எண் என்பதே அன்றைக்கு உங்களுக்குத் தெரியாது. அது சி.டி.சி. என்ற மொத்த ஆண்டுக் கணக்கா, கையில் வருவதா, ஆஃபரின்போது எச்.ஆர். வாய்வழியாகச் சொன்னதா?

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் "எனக்குத் தெரிந்தது", வலது பக்கம் "நான் நினைத்துக்கொள்வது". "அவருக்கு 14 லட்சம் என்று சொன்னார்" இடது பக்கம். "இந்தக் கம்பெனியில் என்னை யாரும் மதிப்பதில்லை" வலது பக்கம். முதல் நாளில் வலது பக்கம்தான் நிறையும். இருக்கட்டும், அந்தப் பக்கத்துக்குக் கடைசியில் வருவோம்.

படி 2: இரண்டு சம்பளத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாதி மனவருத்தம் இங்கேயே கரைந்துவிடும் என்பது என் எண்ணம். மீதிப் பாதி உண்மையான வருத்தம். அதையும் இந்தப் படிதான் காட்டிக்கொடுக்கும்.

சி.டி.சி. என்பது கம்பெனி உங்களுக்காக ஒரு வருடத்தில் செலவழிக்கும் மொத்தத் தொகை. பேஸிக் (அடிப்படைச் சம்பளம்), எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி), ஸ்பெஷல் அலவன்ஸ் மட்டுமல்லாமல் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை), மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், வேரியபிள் பே (வருடத்துக்கு வருடம் கூடிக்குறையும் பகுதி), சில இடங்களில் முதல் வருட ஜாயினிங் போனஸ்கூட அதில் அடங்கும். கிராஜுவிட்டிக்கென்று பேஸிக்கில் 4.81 சதவீதத்தைச் சி.டி.சி.யில் எழுதியிருப்பார்கள். வழக்கமான நிரந்தரப் பணியில் 5 வருடம் முடித்தால்தான் அது கைக்கு வரும். இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை கம்பெனி மாறுபவருக்கு அது காகிதத்தில் மட்டும் இருக்கும் பணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நண்பருக்கு 14 லட்சம், உங்களுக்கு 11.5 லட்சம் என்று வையுங்கள். கேட்டவுடன் வயிற்றில் நெருப்பு. அவருடைய 14 லட்சத்தில் வேரியபிள் 1.4 லட்சம், ஜாயினிங் போனஸ் 1.5 லட்சம், பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாம் சேர்த்து 90 ஆயிரம். மீதி, ஃபிக்ஸட் என்று சொல்லும் நிலையான தொகை, 10.2 லட்சம், அதாவது பிடித்தத்துக்கு முன் மாதம் 85,000. உங்கள் 11.5 லட்சத்தில் வேரியபிள் 50 ஆயிரம், பி.எஃப். வகையறா 80 ஆயிரம், ஜாயினிங் போனஸ் இல்லை. மீதி அதே 10.2 லட்சம், அதே 85,000. ஜாயினிங் போனஸ் ஒரு முறைதான் வரும், ஒரு வருடத்துக்குள் கிளம்பினால் பெரும்பாலும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். இரண்டாம் வருடத்திலிருந்து உங்கள் இருவருக்கும் உண்மையான இடைவெளி 1 லட்சம். அதிலும் 90 ஆயிரம் வேரியபிள். கம்பெனி நன்றாக ஓடினால் முழுதாக வரும், இல்லையென்றால் பாதிதான்.

இது நேர்மாறாகவும் நடக்கும். சி.டி.சி. இருவருக்கும் ஒன்றாக இருந்து, உங்களுடையதில் 20 சதவீதம் வேரியபிளாகவும் அவருடையதில் 5 சதவீதமாகவும் இருந்தால் நீங்கள்தான் குறைவாக வாங்குகிறீர்கள்.

கையில் வரும் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடுவதும் ஏமாற்றும். பி.எஃப். பிடித்தத்தைச் சில கம்பெனிகள் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 பிடிக்கும். சில கம்பெனிகள் முழு பேஸிக்குக்கும் 12 சதவீதம் பிடிக்கும். பேஸிக் 40,000 என்றால் பிடித்தம் 4,800. கையில் வருவது 3,000 குறைவாகத் தெரியும், ஆனால் அந்த 3,000 உங்கள் பி.எஃப். கணக்கில்தான் சேர்கிறது, வட்டியோடு. போதாததற்கு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸாகக் காட்டினால் மிஞ்சும் பகுதியும் ஊதியமாகவே கணக்கில் வரும். இதற்காகக் கம்பெனிகள் பே ஸ்லிப்பை மாற்றி அமைக்கும்போது சி.டி.சி. மாறாமலே கையில் வருவது மாறக்கூடும். அதைச் சம்பளக் குறைப்பு என்று எடுத்துக்கொள்வதற்கு முன் ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் கழிந்த பிறகு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஆன்கால், இரவு ஷிப்ட், அமெரிக்க நேரத்து மீட்டிங் எல்லாவற்றையும் சேர்த்து வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். 55 மணி நேரம் உழைத்து 90 ஆயிரம் வாங்குபவர், 42 மணி நேரம் உழைத்து 80 ஆயிரம் வாங்குபவரைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார்.

படி 3: யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைச் சரிசெய்யுங்கள்

கல்லூரி வாட்ஸ்அப் குரூப் இதற்கு உதவாது. ஒருவர் புராடக்ட் கம்பெனியில், ஒருவர் வங்கியில், ஒருவர் டொரண்டோவில். அங்கே கிடைக்கும் எண்ணை வைத்து உங்கள் மேனேஜரிடம் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது.

பயன்படும் ஒப்பீடுகள் இரண்டே. உங்கள் கம்பெனியில் உங்கள் பேண்டில் (சம்பளப் படிநிலையில்) அதே வேலை செய்பவர்கள், அப்புறம் உங்கள் ஊரில் அதே திறனுக்கும் அனுபவத்துக்கும் மற்ற கம்பெனிகள் இன்று கொடுக்கும் சம்பளம். இரண்டாவதற்கு ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் தளங்கள் ஒரு தொடக்கம். அங்கே இருப்பவை ஊழியர்கள் தாங்களே பதிந்த எண்கள், பழையதும் புதியதும் கலந்திருக்கும், எனவே சராசரியைவிட வரம்பைப் பாருங்கள். இதைவிட நம்பகமானது ரிக்ரூட்டரின் போன். வேலை மாறும் எண்ணம் இல்லாவிட்டாலும் அவரிடம் "இந்த ரோலுக்கு பட்ஜெட் எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். நாலைந்து பேரிடம் கேட்டாலே சந்தை எங்கே நிற்கிறது என்று பிடிபடும்.

சக ஊழியரிடம் கேட்பது சங்கடமானது. கேட்பவர் முதலில் தன் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். "என்னோட ஃபிக்ஸட் பத்தேகால். இந்த பேண்டுக்கு இது சரியான்னு தெரியல. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுனா ஒரு ரேஞ்ச் மட்டும் சொல்லுங்க போதும்." அவர் சிரித்து மழுப்பினால் விட்டுவிடுங்கள். பே ஸ்லிப்பின் ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள், கிடைத்தாலும் யாருக்கும் அனுப்பாதீர்கள். பல ஆஃபர் லெட்டர்களில் சம்பளத்தை வெளியில் சொல்லக்கூடாது என்ற வரி இருக்கும். அதை மீறினார் என்ற பழி உங்களை நம்பிச் சொன்னவர் மேல் விழக்கூடாது.

பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சம்பளம் பற்றிப் பெரும்பாலும் தோழிகளுக்குள்ளேயே பேசிக்கொள்கிறோம் என்றால், எல்லோருக்கும் குறைவாக இருக்கும் இடத்தில் குறையே தெரியாமல் போகும். அதே வேலை செய்யும் ஆண்களிடமும் கேளுங்கள்.

படி 4: இடைவெளி எதனால் வந்தது என்று தேடுங்கள்

இப்போது உங்கள் கையில் ஒரு உண்மையான இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா இடைவெளியும் அநியாயம் இல்லை. கூடுதல் பொறுப்பு, அரிதான திறன், வாடிக்கையாளரை நேரில் கையாளும் வேலை இதற்கெல்லாம் கூடுதல் கொடுப்பதில் தப்பு சொல்ல முடியாது.

அடுத்தது, நியாயம் என்றும் சொல்ல முடியாமல், உங்கள் குறை என்றும் சொல்ல முடியாமல் இருக்கும் காரணங்கள். சேர்ந்த காலம் அவற்றில் முதலாவது. 2021, 2022ல் ஐ.டி. கம்பெனிகள் ஆள் கிடைக்காமல் தவித்தன. அப்போது மாறியவர்கள் பெரிய உயர்வோடு சேர்ந்தார்கள். 2023ல் ஆள் எடுப்பது சுருங்கியது. அதே திறமையோடு ஒரு வருடம் தள்ளி மாறியவருக்கு அந்த எண் கிடைக்கவில்லை. உள்ளேயே இருந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். வருடாந்திர ஹைக் ஒற்றை இலக்கத்தில் நகர, வெளியிலிருந்து வருபவர் சந்தை விலையில் வந்து பக்கத்தில் உட்காருவார். அவருக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் உங்கள் பொறுப்பாக இருக்கும். இது கசக்கும், கசக்கத்தான் வேண்டும். ஆனால் இது உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதிய ஆளுக்கு ஒரு பட்ஜெட், பழைய ஆளுக்கு ஒரு பட்ஜெட் என்று கம்பெனி வைத்திருப்பதால் வரும் விளைவு இது.

என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று. நம் ஊரில் இன்டர்வியூ முடிந்ததும் எச்.ஆர். கேட்கும் முதல் கேள்வி, "கரெண்ட் சி.டி.சி. எவ்வளவு?" அதன் மேல் 30 சதவீதம் என்று ஆஃபர் போடுகிறார்கள். சின்ன ஊர்க் கல்லூரியில் படித்து 4 லட்சத்தில் தொடங்கியவருக்கு அது 5.2 லட்சம் ஆகிறது. பெரிய கல்லூரி கேம்பஸில் 8 லட்சத்தில் தொடங்கியவருக்கு 10.4 லட்சம். இருவரும் இப்போது ஒரே நாற்காலியில் ஒரே வேலை செய்கிறார்கள். 4 லட்சமாக இருந்த இடைவெளி 5.2 லட்சமாகிவிட்டது, அடுத்த மாற்றத்தில் இன்னும் பெருகும். 17 வயதில் எழுதிய ஒரு தேர்வும், அப்பாவால் எந்தக் கல்லூரிக்குப் பணம் கட்ட முடிந்தது என்பதும் 35 வயதில் சம்பளத்தை முடிவு செய்கின்றன. பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் ஃபிரெஷர் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தையே சுற்றிக்கொண்டிருப்பதால், அங்கே தொடங்கியவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். பழைய சம்பளத்தைக் கேட்பதை கலிபோர்னியா 2018லேயே தடை செய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை விதிகளிலும் அந்தத் தடை இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு தடை இல்லை. ஆகவே நாம்தான் அந்தக் கேள்வியைத் திருப்ப வேண்டும்: "இந்த ரோலுக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு. உங்க பேண்ட் ரேஞ்ச் என்னன்னு சொன்னீங்கன்னா பொருந்துதான்னு பார்க்கலாம்." அதன் பிறகும் விடாமல் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், பொய் எண் வேண்டாம். பழைய பே ஸ்லிப் கேட்டுச் சரிபார்ப்பார்கள்.

கடைசியாக வெளிப்படையான அநியாயங்கள். பேறுகால விடுப்பு எடுத்த வருடம் என்பதற்காகக் குறைந்த ரேட்டிங், "அவருக்குக் குடும்பம் இருக்கிறது" என்று ஆணுக்கு மட்டும் கூடுதல் உயர்வு, கேட்கத் தெரியாதவர் என்று தெரிந்து குறைத்துக் கொடுப்பது. உங்கள் இடைவெளி இந்த வகையில் வருகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். அடுத்த படி உங்களுக்குத்தான்.

படி 5: சட்டம் எதுவரை கைகொடுக்கும்

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது அரசியலமைப்பின் 39வது பிரிவில் அரசுக்குச் சொல்லப்பட்ட நெறி. 1976ல் சம ஊதியச் சட்டம் வந்தது. மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்தில் பெண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்த வழக்கில், 1987ல் உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டுப்படியாகவில்லை என்று நிறுவனம் சொன்ன வாதம் எடுபடவில்லை. அந்தச் சட்டம் இப்போது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. ஒரே வேலைக்கோ அதையொத்த வேலைக்கோ பாலினத்தைக் காரணமாக வைத்து ஊதியத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்பதே அதன் சாரம்.

தற்காலிக ஊழியர்களுக்கு 2016ல் பஞ்சாப் அரசு எதிராக ஜக்ஜித் சிங் வழக்கின் தீர்ப்பு முக்கியமானது. நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக அரசு ஊழியருக்கும் அதே ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத் தொகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுத் துறைகளில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தனியார் கம்பெனியில் ஒரே வேலை செய்யும் இரண்டு ஆண்களுக்கு, அல்லது இரண்டு பெண்களுக்கு, வெவ்வேறு சம்பளம் கொடுப்பதைப் பொதுவாக எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. ஏமாற்றமான பதில்தான். அங்கே உங்கள் பலம் பேச்சுவார்த்தையும், வெளியேறும் வாய்ப்பும், சேர்ந்து கேட்பதும்தான். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016ல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

பாலினப் பாகுபாடு என்று உறுதியாகத் தோன்றினால் வாயால் பேசுவதற்கு முன் எழுத்தில் சேருங்கள். வேலை விவரம், ரேட்டிங் கடிதங்கள், யார் என்ன வேலை செய்தார்கள் என்று காட்டும் மெயில்கள், தேதிகள். பிறகு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள். ஒரு மணி நேர ஆலோசனைக் கட்டணம் வீண் போகாது.

படி 6: கேளுங்கள்

கேட்கும் நேரம் பாதி வெற்றி. ஏப்ரலில் ஹைக் கடிதம் வரும் கம்பெனி என்றால் பட்ஜெட்டும் ரேட்டிங்கும் அதற்கு வெகு முன்பே முடிவாகியிருக்கும். கடிதம் கைக்கு வந்த பிறகு கேட்டால் மேனேஜர் நல்லவராகவே இருந்தாலும் அவரிடம் கொடுக்க எதுவும் இருக்காது. டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ பேசுங்கள். மேனேஜருக்குப் பெரும்பாலும் ஒரு மொத்தத் தொகை கொடுத்து, டீமுக்குள் பங்கிடச் சொல்வார்கள். உங்களுக்காக அவர் மேலிடத்தில் வாதாட வேண்டும். அதற்கு அவர் கையில் ஒரு பக்கத் தாள் வேண்டும், நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.

அந்தத் தாளில் மூன்று விஷயங்கள் போதும்: இந்த வருடம் நீங்கள் செய்ததில் கம்பெனிக்குப் பணமோ நேரமோ மிச்சமான வேலைகள், பதவிப் பெயருக்கு மேல் நீங்கள் சுமக்கும் பொறுப்புகள், இந்த வேலைக்கு இன்று சந்தையில் இருக்கும் வரம்பு. நடுவில் இருப்பதுதான் பலருக்கு எழுதவே தோன்றாது. ரிலீஸ் ராத்திரியில் கடைசிவரை உட்கார்ந்திருப்பது, புதிதாக வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, வாடிக்கையாளர் கோபப்படும்போது போனை எடுப்பது. எழுதாவிட்டால் அது வேலையாகவே கணக்கில் ஏறாது.

பேச்சு இப்படிப் போகலாம்:

"இந்த வருஷம் நான் பார்த்த வேலையை ஒரு பக்கத்துல எழுதியிருக்கேன். இப்ப நான் செய்றது அடுத்த பேண்டோட வேலை. இதுக்கு வெளியில 13லேர்ந்து 15 வரைக்கும் கொடுக்கிறாங்க. என்னோட ஃபிக்ஸட் பத்தேகால்ல இருக்கு. இதைச் சரிபண்ண என்ன செய்யலாம்னு உங்ககிட்ட பேசணும்னு வந்தேன்."

சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் "இல்ல, கஷ்டம்னா பரவாயில்ல" என்று நாமே இறங்கிவிடுவதுதான் வழக்கம். பெரியவர்களிடம் கேட்டு வாங்குவதை மரியாதைக் குறைவாக நினைத்து வளர்ந்தவர்களுக்கு இந்த அரை நிமிடம் மிகவும் கடினம். கூச்சத்தோடேயே கேட்கலாம், தப்பில்லை.

பேச்சில் வரக்கூடாதவை: வீட்டுக் கடன் தவணை, தங்கையின் கல்யாணம், "அவனுக்கு மட்டும் ஏன்". முதல் இரண்டும் உங்கள் தேவைகள், அவற்றை வைத்துச் சம்பளம் போட்டால் நாளைக்குத் தேவை குறைந்தவருக்குக் குறைத்துக் கொடுப்பதும் நியாயமாகிவிடும். மூன்றாவது உங்களிடம் சொன்ன நண்பரை மாட்டிவிடும். வீட்டுக்குப் போகும் முன் "இன்று பேசியதன்படி, இந்தத் தேதிக்குள் பதில் சொல்வதாகச் சொன்னீர்கள்" என்று இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள்.

படி 7: "இந்த வருஷம் முடியாது" என்றால்

உடனே கேட்க வேண்டியது: "சரி, என்ன நடந்தால் முடியும்? எப்போது?" தெளிவான பதில் வந்தால், ஆறு மாதம் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. "பார்ப்போம், உங்களை நாங்கள் மதிக்கிறோம்" என்பது மட்டும் பதில் என்றால் வெளியில் தேடத் தொடங்குங்கள். பணமாக வராததை வேறு உருவில் கேட்கவும் இடமுண்டு: ஷிப்ட் மாற்றம், வீட்டிலிருந்து வேலை, பயிற்சிக் கட்டணம், பதவிப் பெயர். பதவிப் பெயரை லேசாக நினைக்காதீர்கள், அடுத்த இன்டர்வியூவில் உங்கள் தொடக்கப் புள்ளியை அது மாற்றும்.

வேறு ஆஃபர் வாங்கிவந்து காட்டி உயர்வு கேட்பது நடக்கக்கூடியதுதான். போகத் தயாராக இருந்தால் மட்டும் செய்யுங்கள். தங்கிவிட்டால், நேற்றுவரை இல்லாத பணம் இன்று எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உங்களுக்குள் இருந்துகொண்டே இருக்கும். 90 நாள் நோட்டீஸ் பீரியட் உள்ள கம்பெனி என்றால், புதிய இடம் காத்திருக்குமா, பணம் கட்டி நாட்களைக் குறைக்க முடியுமா என்பதையும் எழுத்தில் வாங்கிவிட்டு ராஜினாமா கொடுங்கள்.

படி 8: தாளின் வலது பக்கம்

சம்பளத்தோடு நம் மதிப்பு ஏன் இவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொண்டது? பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையாகத் தோன்றவில்லை. முதல் தலைமுறையாக ஆபீஸ் வேலைக்கு வந்த வீடுகளில், பிள்ளை செய்யும் வேலை என்னவென்று அம்மா அப்பாவுக்குப் புரிவதில்லை. சர்வர் என்றால், டெஸ்டிங் என்றால் அவர்களுக்கு எதுவும் விளங்காது. புரிவது ஒரே ஒரு எண். அந்த எண்ணைச் சொல்லும்போதுதான் அவர்கள் முகம் மலர்கிறது. அது கூடும்போது பாராட்டு, நின்றுபோனால் ஒரு மௌனம். கல்யாண வரன் தேடும் பயோடேட்டாவில் பெயர், நட்சத்திரம், உயரம், அடுத்த வரியில் ஆண்டு வருமானம். இப்படி எல்லாப் பக்கமிருந்தும் அன்பும் மரியாதையும் ஒரு எண் வழியாகவே வந்து சேர்ந்தால், அந்த எண் குறைவதைத் தானே குறைந்துபோனதாக யாருக்குத்தான் தோன்றாது? அதனால் இந்த வலிக்காக உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். ஒருவர் வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியில் கடைசி நாள் முடித்துத் திங்கட்கிழமை இன்னொன்றில் 40 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறார். இடையில் இரண்டு நாளில் அவர் அறிவோ குணமோ உழைப்போ 40 சதவீதம் வளரவில்லை. தனியார் மருத்துவமனையில் இரவு முழுக்க அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்கு என்ன சம்பளம் என்று நமக்குத் தெரியும், அது எவ்வளவு குறைவு என்றும் தெரியும். அவருடைய மதிப்பு அந்தச் சம்பளம்தான் என்று நாம் யாரும் சொல்ல மாட்டோம். அவரிடம் காட்டும் அந்த நியாயத்தைத் தன்னிடம் காட்டத்தான் நமக்கு முடிவதில்லை.

இதைப் பற்றி இரண்டு ஆய்வுகள் சொல்வதைக் கேளுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளம் இணையத்தில் பார்க்கக் கிடைத்தது. பொருளாதார அறிஞர்கள் சில ஊழியர்களுக்கு மட்டும் அந்தத் தளத்தைப் பற்றித் தெரிவித்துவிட்டு, பிறகு எல்லோரிடமும் மனநிறைவைப் பற்றிக் கேட்டார்கள். 2012ல் முடிவு வெளியானது. தன் துறையின் இடைநிலைச் சம்பளத்துக்கு (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகை) கீழே இருந்தவர்களுக்கு, தெரிந்துகொண்டதும் மனநிறைவு குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருந்தவர்களுக்கோ மகிழ்ச்சி ஒன்றும் கூடவில்லை. அதாவது இந்த ஒப்பீட்டில் தோற்பவருக்கு வலி உண்டு, ஜெயிப்பவருக்குப் பரிசு இல்லை. இன்னும் 3 லட்சம் கூடினால் நிம்மதி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நார்வேயில் யாருடைய வருமானத்தையும் 2001 முதல் இணையத்தில் எளிதாகப் பார்க்க முடிந்தது. அதன் பிறகு வசதியானவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் இடையிலான மகிழ்ச்சி இடைவெளி 29 சதவீதம் விரிந்ததாக 2020ல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. 2014ல் விதியை மாற்றினார்கள், தன் வருமானத்தை யார் தேடினார் என்று சம்பந்தப்பட்டவர் பார்க்கலாம் என்று. தேடல் சரசரவென்று விழுந்துவிட்டது. சம்பளத்தை மூடி மறைப்பது நல்லது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மறைப்பதால் லாபம் முதலாளிக்குத்தான். ஆனால் நியாயம் கேட்பதற்காகப் பார்ப்பது ஒன்று, சும்மா பார்த்துப் பார்த்துப் புண்ணாவது இன்னொன்று. இரண்டாவதற்கு ஒரு எல்லை வைத்துக்கொள்ளலாம்.

அந்த எல்லை நடைமுறையில் இப்படி இருக்கலாம். சந்தைச் சம்பளத்தை வருடத்துக்கு ஒரு முறை, அப்ரைசலுக்கு முன், படி 2, 3ன்படி முழுதாகப் பாருங்கள். மற்ற மாதங்களில் ஆம்பிஷன்பாக்ஸ் பக்கமே போகாதீர்கள். லிங்க்ட்இன்னில் புது வேலை அறிவிப்புகள் வரிசையாக வரும் மாதங்களில் அந்த ஆப் போனில் இல்லாமல் இருப்பது நல்லது. அப்புறம், உங்கள் வீட்டுக்கென்று ஒரு எண்ணைக் கணக்கிடுங்கள்: வாடகை அல்லது தவணை, சாப்பாடு, பெற்றோரின் மருந்து, பிள்ளைகளின் படிப்பு, ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு, ஓய்வுக்காலத்துக்கு ஒதுக்குவது. அடுத்த முறை ஹைக் வரும்போது நண்பரின் எண்ணுக்கு முன்னால் இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த எண்ணையே தொடாத சம்பளம் என்றால் உங்கள் பிரச்சினை மனதில் இல்லை, வருமானத்தில். படி 6க்குத் திரும்புங்கள், யார் சொல்லும் தத்துவத்தையும் கேட்காதீர்கள்.

விசேஷ வீட்டில் "கையில எவ்வளவுப்பா வருது?" என்று கேட்கும் மாமாவுக்குப் பதில் தயாராக இருக்கட்டும். "குறையில்லாம போகுது மாமா. அத்தைக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?" அவர் பெரும்பாலும் உங்களை அளக்கக் கேட்பதில்லை, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்கிறார். வீட்டிலும் எண்ணைத் தாண்டிப் பேசிப் பழகுங்கள். "இன்னைக்கு ஒரு பேங்க் சிஸ்டம் நின்னுபோச்சு, நாங்க நாலு பேர் சேர்ந்து சரிபண்ணோம்" என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். முழுதாகப் புரியாவிட்டாலும் பிள்ளை உருப்படியான வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியும். அடுத்த முறை அதைப் பற்றியே கேட்பார்.

கணக்கெல்லாம் பார்த்து, கேட்டும் பார்த்த பிறகும் மனது அதையே சுற்றிவந்தால், தூக்கம் கெட்டால், நண்பர்களைப் பார்க்கவே பிடிக்காமல் போனால், நம்மால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம் வந்தால் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

படி 9: நீங்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால்

டீம் லீடாகவோ மேனேஜராகவோ இருந்தால், அப்ரைசலுக்கு முன் உங்கள் டீமின் ஃபிக்ஸட் சம்பளங்களை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே வேலை செய்யும் இருவருக்கு நடுவில் பெரிய இடைவெளி இருந்து, அதற்கு எதிரில் உட்காரவைத்துச் சொல்லக்கூடிய காரணம் உங்களிடம் இல்லையென்றால், உயர்வுத் தொகையில் முதல் பங்கு அந்த இடைவெளிக்குப் போகட்டும். கேட்காமல் இருப்பவர்களைக் குறிப்பாகப் பாருங்கள். பேறுகால விடுப்பில் இருந்தவரின் ரேட்டிங்கை அவர் வேலை செய்த மாதங்களை மட்டும் வைத்துப் போடுங்கள். ஒரு ஜூனியர் தயங்கித் தயங்கிச் சம்பளம் பற்றிக் கேட்டால், உங்களுடையதை எந்த வயதில் எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொடுங்கள். ஆள் எடுக்கும்போது எச்.ஆர். அனுப்பும் படிவத்தில் "கரெண்ட் சி.டி.சி." என்ற கட்டத்தை மூடிவைத்துவிட்டு, அந்த வேலைக்கு உங்கள் பட்ஜெட் என்னவோ அதிலிருந்து ஆஃபரைப் போடுங்கள்.